தகரச் சத்தம்

தை மாதக் கடைசியில், ஒரு புதன்கிழமை, சின்னக்கண்ணுவின் பேஸ் கிட்டாருக்குச் சத்தம் கெட்டது. அடியோடு நின்றுவிடவில்லை. நின்றிருந்தால் வயர் அறுந்தது என்று முடிவுக்கு வந்திருக்கலாம். தடித்த கம்பியைத் தட்டினால் நெஞ்சுக்கூட்டில் வந்து உட்காரும் சத்தம், அன்றைக்குக் காலித் தகர டின்னைத் தட்டியது போல வந்தது. கொஞ்சம் அழுத்தி வாசித்தால் கரகரவென்று இழுத்தது.

ஒத்திகை வெள்ளையனின் காப்பிக்கொட்டை ஷெட்டில் நடந்தது. மலைமேலுள்ள ஆலத்தூர் நாடு என்ற ஊர்த்தொகுதியில் ஆறு பேர் சேர்ந்து நடத்தும் இன்னிசைக் குழு அது. ஆறு பேருக்கும் காடு இருந்தது, மிளகுக்கொடி இருந்தது. பகலில் மிளகு பறித்துவிட்டுப் பொழுது சாயும் நேரத்தில் ஷெட்டுக்கு வருவார்கள். கீபோர்டு வாசிப்பவரும் குழுவுக்குத் தலைவரும் வெள்ளையன்தான். மாரியம்மன் நோம்பித் திருவிழாக் கச்சேரிக்கு இன்னும் இருபது நாள் இருந்தது.

"ஏஞ் சின்னக்கண்ணு, பாக்ஸ் போச்சா?" என்றார் வெள்ளையன்.

கிட்டார் வயரைப் பிடுங்கிவிட்டு அதே ஸ்பீக்கர் பாக்ஸில் கீபோர்டைக் குத்திப் பார்த்தார்கள். ஷெட்டுத் தகடு அதிர்ந்தது. பாக்ஸில் கோளாறு இல்லை. வேறு வயர் போட்டார்கள். அப்போதும் தகரம்தான்.

"கம்பி செத்துப்போயிருக்கும். பனியில வெச்சா இரும்பு என்னத்துக்காவும்?" என்றார் வெள்ளையன்.

சின்னக்கண்ணு கிட்டாரைப் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். நாற்பத்து மூன்று வயது. மலைக்குக் கீழே செங்கல் சூளையிலும், ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் லாரியிலும் இளவயதில் வேலை பார்த்தவர். ஒன்பது வருடமாக ஊரோடு இருக்கிறார் என்றால் அதற்கு மிளகு பாதிக் காரணம். மீதி இந்தக் கிட்டார்.

கிட்டாரை வாங்கியது அவரல்ல. மனைவி யமுனாவின் அண்ணன் காளியண்ணன் சேலத்தில் பழசாக வாங்கி வந்தது. அவருக்குத்தான் வாசிக்க ஆசை. விரல் வளையவில்லை. "எனக்குத் தொண்டை போதும், நீ வெச்சுக்க மாப்ள" என்று தங்கை வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டார். குழுவில் பாட்டு எல்லாம் காளியண்ணன்தான். வருடத்துக்கு ஒரு தடவை, நோம்பிகள் தொடங்குவதற்கு முன்னால், கிட்டாரைத் தன் வீட்டுக்கு எடுத்துப்போய் இரண்டு நாள் வைத்திருந்து துடைத்துக் கொண்டுவந்து தருவார். அப்போது கிட்டாரின் முதுகில் ஒரு புது முருகன் ஸ்டிக்கரும் இருக்கும்.

இந்த வருடம் அவர் வரவில்லை. ஆவணியில் சேந்தமங்கலத்தில் ஒரு கல்யாணக் கச்சேரி. ஒரு பாட்டில் உச்சத்துக்குப் போகிற இடத்தில் காளியண்ணனின் குரல் உடைந்தது. இரண்டாம் தடவை அதே இடம் வருவதற்கு முன் சின்னக்கண்ணு மைக்செட் மிக்ஸர்காரனைப் பார்த்துக் கையை இறக்கிக் காட்டினார். மைக் சத்தம் குறைந்தது. காளியண்ணன் திரும்பியபோது சின்னக்கண்ணுவின் கை இன்னும் இறங்கியபடியே இருந்தது. பாட்டைப் பாதியில் நிறுத்தி, மைக்கைத் தரையில் வைத்துவிட்டு, அடிவாரத்துக் காரவள்ளி போய்க் கடைசி பஸ்ஸில் மலையேறிவிட்டார். ஆறு மாதமாகப் பேச்சில்லை. பொங்கலுக்குத் தங்கைக்குச் சீரும் வரவில்லை.

சோளக்காடு என்ற ஊரில் மைக்செட் கடை வைத்திருக்கும் முருகானந்தம் போனில் ஒரு யோசனை சொன்னான். கம்பியைக் கழற்றிக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்தால் அழுக்குப் போய்ச் சத்தம் வரும். வெளியூர்க்காரர்கள் அப்படித்தான் செய்கிறார்களாம்.

யமுனா களிக்கு உலை வைத்திருந்தாள். சின்னக்கண்ணு நான்கு கம்பிகளையும் வளையமாகச் சுற்றி எடுத்துக்கொண்டு அடுப்படியில் நின்றார்.

"என்னங்க அது?"

"இதச் சித்த வேக வெக்கோணும்."

"களிச் சட்டியிலயா?"

"வேற சட்டி இருந்தாக் குடு."

"கோழிக்குத் தவுடு காச்சற சட்டி இருக்குதுங்க. அதுல வெச்சுக்கங்க. உப்புப் போடோணுமா?"

அவர் சிரிக்கவில்லை. கம்பி வெந்த தண்ணீர் கறுப்பாக இறங்கியது. துடைத்து, வெயிலில் காயவைத்து, மறுபடி மாட்டி, வீட்டிலிருந்த சின்னப் பாக்ஸில் குத்திப் பார்த்தார். மேல் சத்தம் கொஞ்சம் பளிச்சென்று ஆனது. அடியில் ஒன்றுமில்லை.

சனிக்கிழமை பஸ் ஏறிச் சோளக்காட்டுக்குப் போனார். சந்தை நாள். பலாக்காயும் மலைவாழைத் தாரும் ரோட்டோரத்தில் குவிந்திருந்தன. முருகானந்தத்தின் கடையில் வாய் பிளந்த ஸ்பீக்கர்களுக்கு நடுவே ஓர் ஆள் உட்கார மட்டும் இடம் இருந்தது.

"கிட்டாரு இதுக்கு முன்ன பாத்ததில்லைங்க. ஆனா கரண்டு கரண்டுதானுங்களே" என்றான் முருகானந்தம்.

வயர் குத்தும் ஓட்டையைச் சுரண்டிச் சுத்தம் செய்தான். முதுகிலிருந்த பெரிய மூடியைக் கழற்றினான். உள்ளே ஒரு சின்னப் பலகையும் கொத்தாக வயர்களும் இருந்தன. லேசாக விட்டிருந்த ஒரு முனையை ஈயம் வைத்துப் பற்றவைத்தான். சிவப்பும் கறுப்பும் இரண்டு வயர்கள் தனியாகப் பிரிந்து கட்டைக்குள் ஒரு துளை வழியாகப் போயின.

"இது எங்கீங்க போகுது?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"எர்த்தா இருக்குமுங்க" என்று மூடிவிட்டான். கடையிலிருந்த பெட்டியில் குத்தித் தட்டினார்கள். தகரம்.

முருகானந்தம் கையைத் துடைத்துக்கொண்டான். "கம்பிச் சத்தத்தப் புடிக்கற பிக்கப்பு செத்துப்போச்சுன்னு நெனைக்கறனுங்க. சேலத்துல குடுத்தாப் பாப்பாங்க. ஆனா வாங்கி வெச்சா ஒரு மாசம் ஆக்கிருவாங்க."

நோம்பிக்குப் பதினேழு நாள் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளையனே வீட்டுக்கு வந்தார். முற்றத்தில் தார்ப்பாய் விரித்து மிளகு காய்ந்துகொண்டிருந்தது. பாதி பச்சை, பாதி கறுப்பு. அவர் பாயின் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து நாலு மிளகை எடுத்து உள்ளங்கையில் உருட்டினார்.

"நீ சங்கடப்படாத சின்னக்கண்ணு. கீபோர்டுலயே இடது கையில பேஸ் வந்துரும். இப்பெல்லாம் கீழ எல்லாக் குழுவுலயும் அப்படித்தான். இந்த நோம்பிக்கு நீ சும்மா வந்து கூட நில்லு."

"சும்மா எதுக்கு நிக்கோணும்?"

"ஆளு கொறஞ்சாப்பல தெரியக்கூடாதில்ல?"

அவர் போன பிறகு சின்னக்கண்ணு போனை எடுத்து, கீழே இருக்கும் ராசுவைக் கூப்பிட்டார். ராசு பழைய சகா. ரிக் லாரியில் டிரில்லர். வெள்ளிக்கிழமை வண்டி மத்தியப்பிரதேசத்துக்குக் கிளம்புகிறது, ஓர் ஆள் குறைகிறது என்று பொங்கலிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தவன்.

"எட்டு மாசம்டா, யோசிச்சுக்க" என்றான் ராசு.

"வாரேன்னு வெச்சுக்க" என்றார் சின்னக்கண்ணு.

அதை யமுனா கேட்டுக்கொண்டிருந்தாள். பறித்த மிளகுக் கொத்துகளைச் சாக்கில் கொட்டி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வெறுங்காலால் மிதித்துக்கொண்டிருந்தாள். மிதித்தால்தான் மணி காம்பை விட்டு உதிரும். பாதம் எரியும். அன்று முழுக்க அந்த எரிச்சல் இருக்கும்.

"மேல ஏழு மரத்துல கொடி பறிக்காம நிக்குது. அத ஆரு பறிக்கறது?" என்றாள், மிதிப்பதை நிறுத்தாமல்.

"ஆளு வெச்சுக்க."

"ஏணியில ஏற ஆளு கெடைக்குதுங்களா இப்ப? சத்தம் வராததுக்கு ஊர விட்டுப் போவாங்களா ஆராச்சும்?"

"சத்தத்துக்குப் போகல."

"பின்ன?"

"சும்மா நிக்கச் சொல்றாரு அந்தாளு. காதுல விழுந்துச்சில்ல?"

அவள் சிறிது நேரம் மிதித்தாள். பிறகு சொன்னாள்: "எங்கண்ணங்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. வாங்குனது அவரு. வருஷா வருஷம் ஊட்டுல வெச்சுப் பாத்ததும் அவரு."

"அவருக்கு என்ன தெரியும்? துடைப்பாரு, ஸ்டிக்கர் ஒட்டுவாரு."

"கேட்டா என்னங்க கொறஞ்சு போகும்?"

"நீ கம்முனு இரு யமுனா."

அவள் கம்மென்றுதான் இருந்தாள். செவ்வாய்க்கிழமை அவர் மிளகு மூட்டையோடு வேனில் சோளக்காட்டுக்குப் போனதும், கிட்டாரை எடுத்துக்கொண்டு அண்ணன் இருக்கும் பெரக்கரை நாட்டு பஸ்ஸில் ஏறினாள். மூடுபனி இன்னும் கலையவில்லை. கண்டக்டர் அந்த நீளமான பையைப் பார்த்துவிட்டு, "கச்சேரிங்களா?" என்றார். "ஆசுபத்திரிங்க" என்றாள்.

காளியண்ணன் வீட்டு வாசலில் மரவள்ளிக் குச்சிகளைச் சாண் நீளத்துக்கு வெட்டிக் கட்டிக்கொண்டிருந்தார். கிழங்கு பிடுங்கி லாரி ஏற்றியாகிவிட்டது. குச்சி அடுத்த நடவுக்கு. அண்ணி நூறு நாள் வேலைக்குப் போயிருந்தாள். காளியண்ணனுக்கு ஐம்பது வயது இருக்கும். அகலமான தோள், நரைத்த கிருதா.

"என்ன அம்மிணி, பொணத்தத் தூக்கிட்டு வாராப்பல வாரே?"

"பொணந்தாண்ணா. உசுரு போயிருச்சு."

அவர் பையைத் தொடவில்லை. உள்ளே போய்க் கருப்பட்டிக் காப்பி போட்டு, வேகவைத்த கிழங்கும் பச்சைமிளகாய்ச் சட்டினியும் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். பிறகு மறுபடி கொடுவாளை எடுத்துக்கொண்டார்.

"அவன் அனுப்பிச்சானா?"

"இல்லண்ணா. அவருக்குத் தெரியாது."

"அப்பத் தெரியாமலே கொண்டுபோயி வெச்சிரு."

"என்ன கோளாறுன்னு கூடக் கேக்க மாட்டயா?"

"கேட்டுத்தான் என்ன?"

"தகரத்தத் தட்டுனாப்பல கேக்குது. அழுத்துனாக் கரகரங்குது. கம்பிய வேக வெச்சாரு, முருகானந்தம் பத்த வெச்சான், ஒண்ணும் ஆவல."

கம்பியை வேகவைத்தது காதில் விழுந்ததும் காளியண்ணனின் உதடு லேசாக விரிந்தது. உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார். "வாசிச்சு முடிச்சா வயர உருவி வெப்பானா?"

"எந்த வயரு? அது குத்துனபடியே மூலையில கெடக்கும்."

"அதான்" என்றார் அவர்.

"அதான்னா? உனக்குத் தெரியுதில்ல? சொல்லண்ணா."

"எதுக்குச் சொல்லோணும்? கட்டைக்குச் சத்தம் போச்சுன்னு ஊரெல்லாம் தூக்கிட்டு அலையறான். நான் ஆறு மாசமா ஊட்டுல கெடக்கறேன். எனக்கு என்னாச்சுன்னு ஒருத்தன் வந்து பாத்தானா?"

யமுனா கிழங்கை வாயில் வைக்காமல் தட்டில் போட்டாள்.

"அன்னிக்கு நான் கீழ பொம்பளைங்களோட உக்காந்திருந்தேன். மேல போற எடத்துல உன்ற குரலு ஒடஞ்சுது. பக்கத்துல இருந்தவ சிரிச்சா. எனக்கு எந்திரிச்சுப் போயிரலாம்போல இருந்துச்சு. மைக்க அவரு கொறைக்கச் சொன்னது தப்பு. தப்புன்னு அன்னிக்கே சண்டை போட்டேன். ஆனா ஒடஞ்சது நெசம் அண்ணா."

அவர் குச்சி வெட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவதைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"எப்ப இருந்து?"

"ரெண்டு வருஷமா."

"எல்லாத்துக்கும் தெரியுமா?"

"தெரியும்."

"ஒருத்தரும் வாயத் தொறக்கலையே."

"நீ எல்லாத்துக்கும் மூத்தவன். ஆரு சொல்லுவா?"

அவர் எழுந்து வீட்டுக்குள் போனார். கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்றுதான் யமுனா நினைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு ஸ்குரூ டிரைவரும், கையில் பொத்தியபடி ஏதோ ஒன்றுமாக வந்தார். கிட்டாரைப் பையிலிருந்து எடுத்துக் கவிழ்த்து மடியில் வைத்தார். முருகன் ஸ்டிக்கரின் ஒரு மூலையை நகத்தால் நெம்பி உரித்தார். அடியில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு சின்ன மூடி இருந்தது. இரண்டு திருகாணி. கழற்றினார். உள்ளே ஒரு சதுர பேட்டரி.

"இதுக்குப் பேட்டரி இருக்குதா!" என்றாள் யமுனா.

"இந்த மாதிரி கிட்டாருக்கு உண்டு. வயரு குத்துனபடியே இருந்தா அது வேலை செஞ்சுக்கிட்டே இருக்கும். நான் இருந்தவரைக்கும் கச்சேரி முடிஞ்சதும் நாந்தான் உருவி வெப்பேன்." பொத்திய கையைத் திறந்து புதுப் பேட்டரியை மாட்டினார். "தையில வாங்குனது."

"பேச்சுத்தான் இல்லையே. பின்ன எதுக்கு வாங்குன?"

"தையில வாங்கி வாங்கிப் பழகிப்போச்சு."

"ஒம்பது வருஷமா ஒரு ஆளுகிட்டயும் சொல்லாம..."

காளியண்ணன் திருகாணியை முடுக்கினார். "ஆளாளுக்குக் கையில ஒண்ணு வெச்சிருக்காங்க. கிட்டாரு, கீபோர்டு, டிரம்மு. பாடறவங்கிட்ட என்ன இருக்குது? மைக்கு. அதுவும் வாடகை மைக்கு. எனக்குன்னு ஒரு வேலை இருக்கட்டும்னு வெச்சுக்கிட்டேன். நான் இல்லீன்னா ஒண்ணு நிக்கோணுமில்ல." பிறகு கிட்டாரை அவளிடம் நீட்டினார். "நின்னுருச்சு. கொண்டுபோ."

சாயங்காலம் சின்னக்கண்ணு திரும்பி வந்தபோது கிட்டார் அதன் மூலையில் இருந்தது. யமுனா அதை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அவர் வீட்டுப் பாக்ஸில் வயரைக் குத்தி, ஏனோதானோவென்று தடித்த கம்பியைத் தட்டினார். அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் கிணுகிணுத்தன. அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இன்னொரு தடவை தட்டினார்.

யமுனா நடந்ததை முழுதாகச் சொன்னாள். தான் அண்ணனிடம் சொன்னதையும் மறைக்கவில்லை. சின்னக்கண்ணு கிட்டாரைத் திருப்பி, உரித்த ஸ்டிக்கரின் பசை ஒட்டியிருந்த இடத்தை விரலால் தடவினார்.

"ஒம்பது வருஷமா?"

"ஒம்பது வருஷமா."

சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் தின்றுவிட்டு அவர் சீக்கிரம் படுத்தார். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் பெரக்கரை நாட்டுக்குப் போனார்.

காளியண்ணன் வீட்டில் இல்லை. காட்டில், மிளகுக்கொடி படர்ந்த உயரமான ஒரு சில்வர் ஓக் மரத்தில் ஒற்றை மூங்கில் ஏணியைச் சாத்தி, உச்சியில் நின்று மிளகு பறித்துக்கொண்டிருந்தார். இடுப்பில் சாக்கு தொங்கியது. பனியில் மூங்கில் வழுக்கும். சாதாரணமாக அடியில் ஓர் ஆள் பிடித்துக்கொள்வது வழக்கம். யாரும் இல்லை. சின்னக்கண்ணு போய் ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

ஏணி அசையாமல் நின்றதும் மேலே இருந்தவர் குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டுத் தொடர்ந்து பறித்தார்.

"சத்தம் வந்துருச்சா?"

"வந்துருச்சுங்க மச்சான்."

"அப்பறம் என்ன?"

"நோம்பிக்குப் பாட வாங்க."

"தங்கச்சி நேத்து எல்லாம் சொல்லிட்டுப் போயிட்டா. எனக்கு மேல போகல மாப்ள. நேத்து அவ போனதும் காட்டுக்குள்ள நின்னு பாடிப் பாத்தேன். போகல."

"ரெண்டு கட்டை எறக்கிப் பாடலாம். வெள்ளையன் கீபோர்டுல ஒரு பட்டனத் தட்டுனா எறங்கிக்கும். நான் கையத் தள்ளி வெச்சு வாசிச்சாப் போச்சு. பெரிய வேலை ஒண்ணுமில்ல."

மேலே கொத்து ஒடிக்கும் சத்தம் நின்றது.

"பெரிய வேலை இல்லீல்ல?"

"இல்லீங்க."

"அப்ப அன்னிக்கே அதச் சொல்லியிருக்கலாமில்ல மாப்ள? ரெண்டு வருஷமாத் தெரியுமாம். ஒத்திகையில ஒரு நாளு, மச்சான் எறக்கிக்கலாம்னு ஒரு வார்த்தை?"

சின்னக்கண்ணு மூங்கிலைப் பார்த்தபடி நின்றார்.

"சொன்னா நீங்க சங்கடப்படுவீங்கன்னு இருந்தேன். பொறவு கோவம் வந்துருச்சு. நாம நல்லா வாசிக்கறப்ப இந்தாளு கெடுக்கறாரேன்னு. ரெண்டும் இருந்துச்சு. கைய எறக்குனப்பக் கோவந்தான் இருந்துச்சு. தப்புங்க மச்சான்."

காளியண்ணன் அடுத்த கொத்தை ஒடித்தார். சாக்கு நிறையும் வரை பறித்தார். பிறகு ஒவ்வொரு கணுவாகக் கால் வைத்து இறங்கினார். கீழே வந்ததும் சாக்கை அவிழ்த்துச் சின்னக்கண்ணுவின் தோளில் வைத்தார். "அடுத்த மரத்துக்கு ஏணியப் புடி" என்றார்.

மத்தியானம் வரை ஐந்து மரம் பறித்தார்கள். நடுவில் ராசுவிடமிருந்து போன் வந்தது. மிளகு பறிப்பு இருக்கிறது, வேறு ஆள் பார்த்துக்கொள் என்றார் சின்னக்கண்ணு. ராசு திட்டியது ஏணியின் மேல் இருந்தவருக்கும் கேட்டது.

நோம்பியன்று கச்சேரி நான்கு மணிக்கே தொடங்கியது. இருட்டினால் குளிர் இறங்கி ஆட்கள் எழுந்து போய்விடுவார்கள். டிராக்டர் டிரெய்லரை மேடையாக்கி, மேலே பந்தல் போட்டிருந்தார்கள். வெயில் இன்னும் இருந்தது. முன்னால் பிள்ளைகள், பின்னால் பெண்கள், மரத்தடியில் பொரிகடலை மென்றபடி ஆண்கள்.

எல்லாப் பாட்டும் காளியண்ணன் பாடவில்லை. உச்சத்துக்குப் போகும் பாட்டுகளைப் மலைக்குக் கீழேயிருந்து வரும் பூபதி என்ற பையனுக்குக் கொடுத்துவிட்டார். அப்படித்தான் செய்ய வேண்டும் என்று அவரே வெள்ளையனிடம் சொன்னார். அவர் எடுத்துக்கொண்டது ஐந்து பாட்டு. ஐந்தும் இரண்டு கட்டை கீழே. முதல் பாட்டில் பழைய உயரத்திலேயே எடுத்துவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, "மறுக்கா வாரனுங்க" என்று மைக்கிலேயே சொல்லி மறுபடி தொடங்கினார். கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்தார். கீழே இறங்கிய குரல் யாருக்கும் பழக்கமில்லாதது. கொஞ்சம் கரடுமுரடாக இருந்தது. பிரமாதம் என்று சொல்ல முடியாது. ஆனால் எங்கேயும் உடையவில்லை. யமுனா பெண்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். இந்தத் தடவை யார் முகத்தையும் பார்க்காமல் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆறரைக்கு முடிந்தது. மலைக்குப் பின்னால் வெளிச்சம் கொஞ்சம் மிச்சமிருந்தது. மற்றவர்கள் டிரம்மைக் கழற்றிக்கொண்டிருக்க, மச்சானும் மாப்பிள்ளையும் கனமான பாக்ஸை ஆளுக்கொரு பக்கம் பிடித்து டிரெய்லரிலிருந்து இறக்கினார்கள். வேன் வரை நூறு அடி நடக்க வேண்டும். பாதியில் கை மாற்றக் கீழே வைத்தபோது காளியண்ணன் சொன்னார்:

"மூணாவது பாட்டுல, சரணம் முடியற எடத்துல நீ தப்பா வாசிச்ச."

சின்னக்கண்ணு வேர்வையைத் துடைத்தார். "ஆமாங்க. ஒரு கட்டம் தள்ளிக் கைய வெச்சுட்டேன். ஆருக்கும் கேட்டிருக்காதுன்னு நெனச்சேன்."

"எனக்குக் கேட்டுச்சு."

"செரிங்க மச்சான்."

"நாளைக்கு ஒத்திகையில அந்த எடத்த மறுக்கா பாத்துக்கலாம். புடி, தூக்கு."

இருவரும் குனிந்து தூக்கினார்கள்.